மாடிக்கு 80 டன் சில்லர் ஏத்தணும்: 14 டன் ஹைட்ரா போதுமா?

மாங்கூழ்_பராமரிப்பு | மார்ச் 18, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். மே கடைசியில் பெங்களூரா மாங்காய் வரத்து ஆரம்பிச்சுடும். அதுக்குள்ள புது ஏர்கூல்டு சில்லர் (தண்ணியைக் குளிர்விக்கிற மெஷின்) ஒண்ணை மாடியில் உட்கார வெச்சாகணும். 80 டன் சில்லர். இறக்கி ஏத்துற கான்ட்ராக்டர் நேத்து வந்து பார்த்துட்டு, "14 டன் ஹைட்ரா கிரேன் ஒண்ணு, ரெண்டு தூக்கு பெல்ட், நாலு ஆள், அரை நாள்ல முடிச்சுடலாம்"னு சொல்லிட்டுப் போயிட்டார்.

மாடி 8 மீட்டர் உயரம். கைப்பிடிச் சுவர் இன்னொரு மீட்டர். சில்லர் உட்காரும் மேடை சுவரிலிருந்து 5 மீட்டர் உள்ளே. சுவரை ஒட்டி மழைநீர்க் கால்வாய் ஓடுது, வண்டி கிட்டப் போக முடியாது. எனக்கு மனசு ஒப்பலை. ஆனா எதைக் கேட்கணும்னு தெரியாம அவர்கிட்ட என்ன பேசுறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பர்கூர்_ஹைட்ரா | மார்ச் 18, இரவு 10:15

14 டன் ஹைட்ரா 14 டன் தூக்கும்ங்க. ஆனா பூமை, அதாவது நீளுற கையை, சுருக்கி, லோடு வண்டி மூக்குக்கு நேர் கீழே நிக்கும்போது மட்டும்தான். பூம் நீள நீள, லோடு தள்ளித் தள்ளிப் போகப் போக, தூக்குற சக்தி குறைஞ்சுகிட்டே வரும். 16 வருஷமா ஓட்டுறேன். வண்டி பேர்ல இருக்கிற நம்பரைப் பார்த்து வாடகைக்கு எடுக்கிறவங்கதான் அதிகம். எந்தத் தூரத்தில் எவ்வளவு தூக்கலாம்னு கேபின்ல லோடு சார்ட் ஒட்டியிருக்கும், அதை யாரும் கேட்கிறதே இல்லை. நீங்க கேளுங்க.

உங்க 80 டன் சில்லர் நிஜத்தில் எத்தனை கிலோ?

மாங்கூழ்_பராமரிப்பு | மார்ச் 18, இரவு 10:31

80 டன்னு தானே பிளேட்ல போட்டிருக்கு?

ஓசூர்_குளிர்சைட் | மார்ச் 18, இரவு 11:02

தம்பி, அந்த டன் எடை இல்லை, குளிர்விக்கிற திறன். ஒரு டன் குளிர்ச்சின்னா மணிக்கு 12,000 பி.டி.யு., அதாவது ஏறக்குறைய 3.5 கிலோவாட். இந்த ஒரு சொல்லால ஓசூர் சிப்காட்டில் ரெண்டு விதமாவும் தப்பு நடந்து பார்த்திருக்கேன். ஒரு இடத்தில் 100 டன் சில்லர்னு கேட்டுட்டு மிரண்டு போய் பெரிய கிரேன் அனுப்பினாங்க. காசுதான் போச்சு. இன்னொரு இடத்தில் "ஏசி மெஷின்தானே"ன்னு சின்ன வண்டி வந்துச்சு. அதுதான் பயம்.

மெஷினோட வந்த ட்ராயிங்கை எடுங்க. அதில் ஏற்றுமதி எடைன்னு (ஷிப்பிங் வெயிட், லாரியில் வரும்போது உள்ள எடை) ஒண்ணும் இயங்கும் எடைன்னு ஒண்ணும் தனித்தனியா இருக்கும். தூக்குறதுக்கு முதல் எண். மாடி தாங்குமான்னு பார்க்க ரெண்டாவது எண், ஏன்னா அதில் உள்ளே நிரம்புற தண்ணியும் சேரும். நாலு தூக்கு காதுகள் எங்கே இருக்கு, எடையின் மையம் எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்குன்னும் ட்ராயிங்கிலேயே குறிச்சிருப்பாங்க. நாளைக்கு அதைப் பார்த்து இங்க போடுங்க.

மாங்கூழ்_பராமரிப்பு | மார்ச் 19, காலை 11:20

எடுத்தேன்ணா. ஏற்றுமதி எடை 3,150 கிலோ. உயரம் 2.3 மீட்டர், நீளம் 4 மீட்டர். அடிச்சட்டத்தில் நாலு காது, நீளவாக்கில் 3 மீட்டர் இடைவெளி. எடையின் மையம் கம்ப்ரஸர் பக்கக் காதிலிருந்து 1.2 மீட்டர்.

பழைய_குவாரிக்காரன் | மார்ச் 19, மதியம் 1:05

நான் ஏசிக்காரன் இல்லை. கிருஷ்ணகிரி கிரானைட் குவாரியில் 22 வருஷம் கல் தூக்கினவன். எங்களுக்கு ட்ராயிங் கிடையாது, டேப்தான். நீளம், அகலம், உயரம் மூணையும் அளந்து பெருக்கி, ஒரு கன மீட்டருக்கு 2.7 டன் போட்டுக்குவோம். கல்லைக் கண்ணால் பார்த்து எடை சொல்றவனை எங்க மேஸ்திரி கயிறு கட்ட விடமாட்டார். கல்லாவது ஒரே சீரா இருக்கும். உங்க மெஷின் ஒரு பக்கம் இரும்பு, ஒரு பக்கம் காத்து.

கணக்கைப் போட்டுப் பாருங்க. மையம் கம்ப்ரஸர் பக்கம் 1.2, அந்தப் பக்கம் 1.8. 3,150-ஐ 1.8-ஆல் பெருக்கி 3-ஆல் வகுத்தா 1,890 கிலோ கம்ப்ரஸர் பக்கம் இறங்குது. மறுபக்கம் 1,260 தான். மெஷினோட நடுவைப் பார்த்துக் கொக்கியை வெச்சா, தூக்கின உடனே கம்ப்ரஸர் பக்கம் தலை குப்புறும். கொக்கி எப்பவும் எடையின் மையத்துக்கு நேர் மேல வரணும். இல்லேன்னா லோடு தானா நகர்ந்து கொக்கிக்குக் கீழே வந்து நிக்கும், அந்த நகர்வில் யார் நின்னாலும் அடிபடுவாங்க.

ஓசூர்_குளிர்சைட் | மார்ச் 19, மாலை 6:48

ஐயா சொன்னது நூத்துக்கு நூறு. நான் பெல்ட் விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா என் சைட்டில் நடந்த ஒண்ணை இங்கே சொல்லியாகணும்.

ஆறு வருஷம் முன்னாடி, ஒரு கம்பெனி மாடிக்கு ஏ.எச்.யு. (குளிர்ந்த காத்தைத் தள்ளுற பெரிய பெட்டி) ஏத்தினோம். உயரம் பத்தலைன்னு பெல்ட்டைக் குட்டையா மாட்டிட்டாங்க. கொக்கியிலிருந்து ரெண்டு பக்கமும் பெல்ட் கூரை ஓடு மாதிரி படுத்துப் போச்சு. பெல்ட்டை அகட்டிப் பிடிக்கிற ஸ்ப்ரெடர் பார் இல்லை. தூக்கினதும் பெல்ட் ரெண்டும் மேல்விளிம்பை உள்பக்கமா நெரிச்சது. யூனிட்டோட 43 மில்லி பஃப் பேனல் சுவர் தகர டப்பா மாதிரி மடங்கி, பெல்ட் சறுக்கி, யூனிட் ஒரு முழம் சாய்ஞ்சு சுத்துச்சு. ஒரு ஒடிசா பையன், 22 வயசு, சுவர்ல இடிக்காம இருக்கட்டும்னு கையை வெச்சுத் தள்ளினான். கைப்பிடிச் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவில் ரெண்டு விரல் போயிடுச்சு. அவன் கத்தவே இல்லை. கையுறையைப் பார்த்துகிட்டே நின்னான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது நான்தான். அன்னைக்கு அந்தக் குட்டை பெல்ட்டைப் பார்த்தும் சும்மா நின்னதும் நான்தான்.

அதுக்கப்புறம் இந்த நாலு எண்ணை மனப்பாடமா வெச்சிருக்கேன். ரெண்டு கால் பெல்ட், 2 டன் லோடு. பெல்ட் நேர் செங்குத்தா நின்னா ஆளுக்கு 1 டன். தரைமட்டத்திலிருந்து 60 டிகிரியில் சாய்ஞ்சா ஒவ்வொண்ணிலும் 1.15 டன். 45-ல் 1.41. 30 டிகிரிக்குப் படுத்துட்டா ஒவ்வொரு காலும் முழு 2 டன்னையும் இழுக்குது. லோடு கூடவே இல்லை, கோணம்தான் மாறுச்சு. அதனால 60-க்குக் கீழே நான் போறதில்லை. கோணமானி வேண்டாம்: பெல்ட் மாட்டுற ரெண்டு இடத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரமோ, குறைஞ்சது அதே நீளம் ஒவ்வொரு பெல்ட்டும் இருந்தா 60 டிகிரி வந்துடும்.

நாலு பெல்ட் போட்டா பாரம் நாலா பிரியும்னு நம்பாதீங்க. சட்டம் விறைப்பா இருந்தா எதிரெதிர் மூலையில் ரெண்டுதான் இறுகும், மத்த ரெண்டு தொளதொளன்னு நிக்கும். ரெண்டு தாங்குற மாதிரியே கணக்குப் போடுங்க.

சிப்காட்_பாதுகாப்பு | மார்ச் 19, இரவு 8:30

ஓசூரில் பாதுகாப்பு அலுவலரா இருக்கேன். அண்ணா இதை இங்கே சொன்னதுக்கு நன்றி. சொல்றது எவ்வளவு கஷ்டம்னு தெரியும்.

பெல்ட்டை எடுத்ததும் நிறத்தைப் பாருங்க. ஊதா 1 டன், பச்சை 2, மஞ்சள் 3, சாம்பல் 4, சிவப்பு 5. ஆனா நிறத்தை மட்டும் நம்பி மாட்டக்கூடாது, பெல்ட்டில் தைச்சிருக்கும் லேபிள்தான் அதோட பிறப்புச் சான்று. லேபிள் கிழிஞ்சு போன பெல்ட் எவ்வளவு புதுசா தெரிஞ்சாலும் எடை தூக்க லாயக்கில்லை. சுருக்குப் போட்டு இறுக்கினா லேபிள்ல இருக்கிறதில் 80 சதவீதம்தான் கணக்கு. பெல்ட்ல முடிச்சுப் போட்டு நீளம் குறைக்கிறதை இங்கே தினமும் பார்க்கிறேன். முடிச்சு விழுந்த இடத்தில் பெல்ட்டோட பலமே போயிடுது. ஓரம் வெட்டுப்பட்டிருக்கா, வெல்டிங் பொறி பட்டு உருகி இறுகியிருக்கா, கண் பக்கம் தையல் விட்டிருக்கான்னு வெயிலில் விரிச்சு ரெண்டு பக்கமும் தடவிப் பாருங்க. கண்ணைவிட விரல் சீக்கிரம் கண்டுபிடிக்கும்.

ஆங்கிள் விளிம்பு படுற இடத்தில் கோணிச் சாக்கு வைக்கிறாங்க. அது அறுந்துடும். நெடுக்காப் பிளந்த தடிமனான குழாயோ கனமான ரப்பரோ வையுங்க.

கிரேன், சங்கிலி, கயிறு, பெல்ட் எல்லாத்தையும் தகுதியுள்ளவர் வருஷத்துக்கு ஒரு தடவை முழுசா சோதிச்சுச் சான்று தரணும். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 29வது பிரிவிலேயே வந்த விஷயம் இது. வண்டி கேட்டுக்குள்ள நுழையும்போதே அந்தக் காகிதத்தைக் கேளுங்க. காகிதத்தில் இருக்கிற எண்ணும் வண்டி எண்ணும் ஒண்ணான்னும் பாருங்க.

தருமபுரி_லோடுமேன் | மார்ச் 19, இரவு 9:55

எல்லாரும் ரொம்ப பயமுறுத்துறீங்க. இருபது வருஷமா ஹைட்ராவிலதான் ஏத்துறோம். இவ்வளவு கணக்குப் போட்டா ஒரு வேலையும் நடக்காது. அனுபவம்னு ஒண்ணு இருக்குங்க.

பழைய_குவாரிக்காரன் | மார்ச் 19, இரவு 10:20

அனுபவம் வேணும் தம்பி, அதை நான் மறுக்கலை. ஆனா கயிறு அறுந்த நாளில் எங்க குழியில் இருந்தவங்க எல்லாரும் அனுபவஸ்தங்கதான். கணக்குப் போட அரை மணி நேரம் ஆகும். சரி, இப்பவே போடுவோம், எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பார்ப்போம்.

பர்கூர்_ஹைட்ரா | மார்ச் 20, காலை 7:10

ராத்திரி உட்கார்ந்து போட்டேன். தப்பிருந்தா திருத்துங்க.

எடை: மெஷின் 3,150, ஸ்ப்ரெடர் பிரேம் ஒரு 180, கொக்கி பிளாக் 150, பெல்ட்டும் அதை மாட்டுற ஷாக்கிள் வளையமும் 60. மொத்தம் 3,540 கிலோ. இந்த மேல் எடையை எல்லாரும் மறந்துடுறாங்க. சார்ட்டில் போட்டிருக்கிறதில் முக்கால் பங்குக்கு மேல போகமாட்டேன்னு வெச்சுக்கிட்டா, அந்தத் தூரத்தில் சார்ட் குறைஞ்சது 4,720 கிலோ காட்டணும்.

தூரம்: கால்வாய் 2.5 மீட்டர்னு வெச்சுக்கிறேன். வண்டிச் சுழல் மையத்திலிருந்து அவுட்ரிகர் (கிரேன் சாயாம இருக்க வெளியே நீட்டி ஊன்றுற கால்) விளிம்பு 3 மீட்டர். மாடியில் உள்ளே 5. மொத்தம் 10.5 மீட்டர். எந்த 14 டன் ஹைட்ராவும் இந்தத் தூரத்தில் 4,720 காட்டி நான் பார்த்ததில்லை, பக்கத்தில்கூட வராது. ஹைட்ரா லோடோட நகர்ந்து போறதுக்குன்னு செஞ்ச வண்டி. முன்பக்கம் ஒடிச்சுத் திருப்பும்போது இன்னும் பலவீனம். சாய்வான தரையில் கவிழ்ந்துடும். மாடிக்கு உள்ளே தள்ளி வைக்கிற வேலை அதோடது இல்லை.

உயரம்: சுவர் 9, அதுக்கு மேல இடைவெளி அரை மீட்டர், மெஷின் 2.3, பெல்ட்டும் பிரேமும் 2.5, கொக்கி பிளாக்குக்கு 1.7. பூம் நுனி தரையிலிருந்து 16 மீட்டர். ஆக ஏறக்குறைய 17.5 மீட்டர் பூம். டெலஸ்கோபிக் கிரேன் எடுத்தா முடியும்.

ஓசூர்_குளிர்சைட் | மார்ச் 20, காலை 8:25

அருமையா போட்டிருக்கீங்க. ஒண்ணு மட்டும் விட்டுப்போச்சு, அது பெரிய ஒண்ணு. பூம் கைப்பிடிச் சுவரைத் தாண்டணுமே?

பேப்பரில் கோடு போட்டுப் பாருங்க. பூம் கிளம்புற இடம் தரையிலிருந்து 2 மீட்டர் உயரம். நுனி 16 மீட்டரில், 10.5 மீட்டர் தள்ளி. சுவர் 5.5 மீட்டரில் நிக்குது. அந்த இடத்தில் பூமோட நடுக்கோடு 9.3 மீட்டர் உயரத்தில் போகுது. சுவர் 9. பூமோட பாதித் தடிமனைக் கழிச்சா ஒண்ணுமே மிச்சமில்லை. மெஷினை மேடைக்கு மேல கொண்டு போற கடைசி அடியில் பூம் சுவரில் உட்காரும். லோடு தொங்கும்போது பூம் வயித்தில் முட்டு விழுந்தா அது மடங்கிடும்.

நுனியை 20 மீட்டருக்கு ஏத்துங்க. அப்போ சுவர்கிட்ட பூம் 11.4 மீட்டரில் போகும், ரெண்டேகால் மீட்டர் இடைவெளி கிடைக்கும். பூம் நீளம் 21 மீட்டர் ஆகும். அந்த 21 மீட்டர் நீளத்துக்கும் 10.5 தூரத்துக்கும் சார்ட்டில் உள்ள எண்ணைத்தான் பார்க்கணும், குட்டை பூமுக்கு உள்ளதை இல்லை.

பர்கூர்_ஹைட்ரா | மார்ச் 20, காலை 8:40

இதை நான் யோசிக்கவே இல்லைண்ணா. நல்லவேளை எழுதினேன்.

தருமபுரி_சிவில் | மார்ச் 20, மதியம் 12:15

மாடி தாங்குமான்னு யாராவது கேட்டீங்களா? ஆள் நடமாடுற மொட்டைமாடித் தளத்துக்கு வழக்கமா சதுர மீட்டருக்கு 150 கிலோதான் கணக்கு. 3 டன் மெஷின் நாலு காலில் நிக்குது. மேடை கீழே உள்ள பீம் மேலதான் வரணும், நடுத்தளத்தில் வரக்கூடாது. கிரேன் மேடைக்கு நேரா இறக்க முடியாம மாடி ஓரத்தில் வெச்சு உருட்டலாம்னு யாராவது யோசனை சொன்னா, உருட்டுற வழி பூரா ஒவ்வொரு உருளைக்கும் அடியில் அந்தப் பாரம் வரும்ங்கிறதை மறக்காதீங்க. கட்டட ட்ராயிங் போட்ட இன்ஜினியர் கையெழுத்து இல்லாம ஏத்தாதீங்க.

கீழேயும் பாருங்க. அவுட்ரிகர் ஒண்ணில் 8 டன் இறங்கும்னு வைங்க. ஓரடிக்கு ஓரடி தட்டில் நின்னா சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 86 டன் அழுத்தம். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கட்டை அடுக்கினா 8 டன்தான். நம்ம செம்மண் காஞ்சிருந்தா பாறை மாதிரி இருக்கும், ஒரு மழை பெய்ஞ்சா வேற மண்ணு. கால்வாய் ஓரம், புதுசா மூடின பைப் குழி, செப்டிக் டேங்க் மூடி இது மேல எதுவும் கால் ஊன்றக்கூடாது. ஃபேக்டரிக்காரங்களுக்கே டேங்க் எங்கே இருக்குன்னு தெரியாம இருக்கும், பழைய ஆளைக் கேளுங்க.

மாங்கூழ்_பராமரிப்பு | மார்ச் 20, மாலை 7:30

கேட்டேன். கிரேன் நிக்கலாம்னு நான் நினைச்ச இடத்துக்கு மூணு அடி தள்ளி பழைய கழிவுத்தொட்டி. மேல புல்லு முளைச்சிருக்கு. எங்க வாட்ச்மேன் தாத்தாவுக்கு மட்டும்தான் தெரிஞ்சிருந்துச்சு.

இன்னொண்ணு, ரோட்டு ஓரமா மின்கம்பி போகுது.

சிப்காட்_பாதுகாப்பு | மார்ச் 20, இரவு 8:05

தம்பி, அதை முதல் நாளே சொல்லியிருக்கணும். பூம், கயிறு, லோடு எதுவும் எந்தத் திசையில் சுத்தினாலும் கம்பிக்கு 3 மீட்டருக்குள்ள போகக்கூடாது, உயர் மின்னழுத்தம்னா அதைவிட அதிகம். இடைவெளியில் சந்தேகம் இருந்தா மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து எல்.சி. (லைன் கிளியர், அதாவது கம்பியில் மின்சாரத்தை நிறுத்தித் தர்ற அனுமதி) வாங்கிட்டுதான் வேலை. "லைன்மேன் தெரிஞ்சவர், போன்ல சொல்லிட்டேன்"ங்கிறது எல்.சி. ஆகாது. வண்டி கம்பியில் பட்டுட்டா ஆபரேட்டர் கேபினிலேயே உட்காரணும். கீழே இருக்கிறவங்க வண்டியைத் தொடக்கூடாது.

சிக்னல் ஒரே ஆள். உங்க குழுவில் வடமாநிலத் தம்பிகள் இருப்பாங்க. ஆபரேட்டர் தமிழ், சிக்னல் கொடுக்கிறவர் இந்தி, மேஸ்திரி தெலுங்குன்னு ஓசூரில் சாதாரணம். காலையிலேயே எல்லாரையும் நிக்க வெச்சுக் கை சைகை செஞ்சு பார்த்துக்கங்க. மேல தூக்க ஹாபீஸ், கீழே இறக்க ஆரியான்னு பாரம் தூக்குற ரிக்கர்கள் சொல்ற சொல் எல்லா மாநிலத்துக்காரங்களுக்கும் பழக்கம், ஆனா வண்டி இரைச்சலில் கை சைகைதான் நம்பிக்கை. நிறுத்துங்கிற சைகை மட்டும் யார் வேணும்னாலும் கொடுக்கலாம், டீ கொண்டு வர்ற பையன் கொடுத்தாலும் ஆபரேட்டர் நிறுத்தணும்.

பழைய_குவாரிக்காரன் | மார்ச் 20, இரவு 9:12

காத்து பத்தி யாரும் சொல்லலையே. ஏப்ரல் மாசம் நம்ம பக்கம் மதியம் வரைக்கும் இலை அசையாது. நாலு மணிக்கு மேல திடீர்னு புழுதி கிளம்பும், கோடை மழைக்கு முன்னாடி வர்ற காத்து. தொங்குற லோடை அது பாய்மரமா பிடிச்சுக்கும்.

ஓசூர்_குளிர்சைட் | மார்ச் 20, இரவு 9:40

ஐயா சொல்றது சரி. மணிக்கு 36 கிலோமீட்டர் காத்து சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 6 கிலோ தள்ளும். இந்த சில்லரோட பக்கவாட்டு 9 சதுர மீட்டருக்கு மேல. 55 கிலோ. கயிறு பிடிச்ச ரெண்டு பேர் சமாளிச்சுடலாம். காத்து 54-க்குப் போனா ஒண்ணரை மடங்கு இல்லை, ரெண்டேகால் மடங்கு: 130 கிலோகிட்ட வந்துடும். யாராலும் பிடிக்க முடியாது. காலை ஆறு மணிக்குத் தொடங்குங்க. ரெண்டு மூலையில் நீளக் கயிறு கட்டி, தள்ளி நின்னு திருப்புங்க. கயிறைக் கையில் சுத்திக்கக்கூடாது. மெஷினில் கை வைக்கவே கூடாது.

மாட்டுறது அடிச்சட்டக் காதில் மட்டும். கம்ப்ரஸர் தலையில் ஒரு ஐபோல்ட் (வளையம் வெச்ச போல்ட்) இருக்கும், அது கம்ப்ரஸரை மட்டும் கழட்டித் தூக்க. செம்புக் குழாய், காயில் ஹெட்டர் எதையும் பெல்ட் தொடக்கூடாது. குழாயில் விரிசல் விழுந்தா கேஸ் போறது ஆறு மாசம் கழிச்சுதான் தெரியும். மெல்லிசான அலுமினிய ஃபின் தகடுகளுக்குப் பலகை கட்டிடுங்க.

தருமபுரி_லோடுமேன் | மார்ச் 21, காலை 6:30

ராத்திரி பூரா படிச்சேன். நான் ஒண்ணு சொல்றேன். போன வருஷம் தொப்பூர் இறக்கம் வழியா சேலத்துக்கு ஒரு யூனிட் கொண்டு போனோம். வளைவுகளில் லோடு நகர்ந்து ஒரு காது வளைஞ்சிருந்தது. சுத்தியலால் தட்டி நிமிர்த்தி அதிலேயே மாட்டித் தூக்கினோம். ஒண்ணும் ஆகலை. ஆனா இப்போ யோசிச்சா ஆகாம போனதுதான் ஆச்சரியம். தம்பி, லாரியில் இருக்கும்போதே நாலு காதையும் பாருங்க. வளைஞ்சிருந்தா தூக்காதீங்க, மெஷின் கம்பெனிக்குச் சொல்லுங்க.

மாங்கூழ்_பராமரிப்பு | ஏப்ரல் 6, மதியம் 2:15

எல்லாருக்கும் சொல்லணும்னு சாப்பிடாம வந்து எழுதுறேன்.

இந்த இழையைப் பிரிண்ட் எடுத்து மேனேஜர் மேஜையில் வெச்சேன். பழைய கான்ட்ராக்டர் ஒத்துக்கலை, வேற ஆள் வந்தாங்க. 40 டன் டெலஸ்கோபிக் கிரேன். 21 மீட்டர் பூமில் 11 மீட்டர் தூரத்துக்கு சார்ட் 8.2 டன் காட்டுச்சு. நம்ம 3.54 அதில் பாதிகூட இல்லை. வாடகை அதிகம்தான், ஹைட்ராவை விட மூணு மடங்கு. கழிவுத்தொட்டியைச் சுத்திக் கயிறு கட்டி, கிரேனை எட்டு மீட்டர் தள்ளி வேற பக்கம் நிறுத்தினோம். அங்கே கம்பியும் தூரம். மேடைக்கு அடியில் பீம் இருக்குன்னு இன்ஜினியர் பார்த்து எழுதிக் கொடுத்தார்.

காலை 6:10-க்கு முதல் தூக்கு. தரையிலிருந்து ஒரு ஜாண் தூக்கி அஞ்சு நிமிஷம் அப்படியே நிறுத்தினாங்க. கம்ப்ரஸர் பக்கம் நாலு விரல் தாழ்ந்தது. இறக்கி, பிரேமில் ஷாக்கிளை ஒரு துளை மாத்தி, திரும்பத் தூக்கினப்போ மட்டமா வந்தது. சுவரைத் தாண்டும்போது டீ கொண்டு வந்த பையன் "நிறுத்து"ன்னு கத்திக் கையை விரிச்சான். கயிறு ஒண்ணு ஏணியில் மாட்டியிருந்தது, எங்க யாருக்கும் தெரியலை. ஆபரேட்டர் அந்த நொடியே நிறுத்தினார். எடுத்துவிட்டுத் திரும்ப ஆரம்பிச்சோம். 7:35-க்கு நாலு காலும் மேடையில்.

அப்புறம் ஸ்டோர் ரூமில் தேடினதில் லேபிள் இல்லாத பெல்ட் ஏழு கிடைச்சுது. முடிச்சோட ரெண்டு. எல்லாத்தையும் நடுவில் வெட்டிட்டேன், யாரும் திரும்ப எடுத்துடக்கூடாதுன்னு. கையால் சங்கிலி இழுத்துத் தூக்குற செயின் பிளாக் மூணு இருக்கு, சான்று ஒண்ணுக்கும் இல்லை. கிருஷ்ணகிரியிலோ ஓசூரிலோ சோதிச்சுத் தர்ற தகுதியுள்ளவர் யார்னு சொல்லுங்க, சீசனுக்கு முன்னாடி முடிச்சுடணும்.

சிப்காட்_பாதுகாப்பு | ஏப்ரல் 6, மதியம் 2:50

தனிச்செய்தியில் அனுப்புறேன் தம்பி. முதல்ல போய்ச் சாப்பிடுங்க. அந்த டீ பையனுக்கும் வாங்கிக் கொடுங்க.